சைக்கிள் லைட்: ஆயிரம் லூமன் இருந்தும் குழி ஏன் தெரியவில்லை?

சைக்கிளுக்கு லைட் வாங்கப் போகிறவரின் கண் முதலில் போவது டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லூமன் எண்ணுக்குத்தான். 400, 800, 1200 என்று அது ஏறிக்கொண்டே போகும். எண் கூடினால் நல்லது என்ற நினைப்பில் நானும் ஒரு முறை 1000 லூமன் லைட் ஒன்றை வாங்கி மாட்டினேன். முதல் நாள் இரவே, எதிரில் நடந்து வந்த ஒரு பெரியவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டார். அவரைத் தாண்டிப் பத்தடி போயிருக்க மாட்டேன், முன்சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கி எழுந்தது. எதிரே வருகிறவருக்குக் கண் கூசுகிறது, ஓட்டுகிற எனக்குக் குழி தெரியவில்லை. அப்படியென்றால் அந்த ஆயிரம் லூமனும் எங்கேதான் போனது?

பாதி மரக்கிளைகளுக்குப் போனது. மீதியில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு நேர் முன்னால், இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்குள் ஒரு வெள்ளை வட்டமாகக் கொட்டிக்கிடந்தது. அந்த வட்டத்தின் கூச்சத்தில் அதற்கு அப்பால் இருந்ததெல்லாம் இன்னும் இருட்டாகத் தெரிந்தது.

லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைக்கும் வெளியேறும் ஒளியின் மொத்தக் கூட்டல், அவ்வளவுதான். அந்த ஒளி எங்கே போய் விழுகிறது என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. ஒரு குடம் தண்ணீரைத் தோட்டம் முழுக்க வீசியும் இறைக்கலாம், ஒரு செடியின் வேர் பார்த்தும் ஊற்றலாம். குடம் அதேதான், செடிக்குக் கிடைப்பதுதான் வேறு. செடிக்குக் கிடைப்பதை அளக்கிற அலகு லக்ஸ்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். சைக்கிள் முன்விளக்கின் லக்ஸை வழக்கமாக 10 மீட்டர் தூரத்தில் அளப்பார்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். 10 மீட்டரில் 40 லக்ஸ் தரும் விளக்கு 20 மீட்டரில் 10 லக்ஸ்தான் தரும், 40 மீட்டரில் வெறும் இரண்டரை. சில டப்பாக்களில் கேண்டெலா என்றும் போட்டிருக்கும், ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதன் அலகு அது. அதை நூறால் வகுத்தால் 10 மீட்டரில் கிடைக்கும் லக்ஸ் வந்துவிடும்.

ஆனால் லக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. கற்றையின் மிகப் பிரகாசமான ஒரே ஒரு புள்ளியை அளந்து அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ஊசி மாதிரி குறுகிய கற்றைக்கு லக்ஸ் எக்கச்சக்கமாக வரும், சாலையின் இரண்டு ஓரமும் இருட்டாகவே கிடக்கும். எண்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கற்றையின் வடிவத்தைப் பாருங்கள் என்பேன்.

வட்டக் கற்றையும் வெட்டிய கற்றையும்

சந்தையில் இருக்கும் முன்விளக்குகளை இரண்டு சாதியாகப் பிரித்துவிடலாம். ஒன்று, கை டார்ச்சை ஹேண்டில்பாரில் கட்டியது போன்றது. கிண்ண வடிவ ஒளிதிருப்பி, நடுவில் எல்இடி, வட்டமான கற்றை. மேலே எவ்வளவு போகிறதோ கீழேயும் அவ்வளவு. கரடுமுரடான காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு இது சரி, தலைக்கு மேல் தாழ்ந்து வரும் கிளையும் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இன்னொன்று, காரின் 'டிம்' வெளிச்சம் போல மேல்விளிம்பைக் கத்தி வைத்து வெட்டியது மாதிரியான கற்றை. அந்தக் கோட்டுக்கு மேலே வெளிச்சம் மிகக் குறைவு. கோட்டை ஒட்டிய பகுதிதான் வெகுதூரம் போக வேண்டியது, அதனால் அங்கே ஒளி அதிகம். கீழே வரவர, அதாவது சக்கரத்துக்குப் பக்கத்தில் வரவர, படிப்படியாகக் குறையும். இதனால் பக்கத்துத் தரையும் தூரத்துத் தரையும் ஏறக்குறைய ஒரே சீராகத் தெரியும்.

இந்த இரண்டாவது வகையை வளர்த்ததில் ஜெர்மனிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே எஸ்டிவிஇசட்ஓ என்று ஒரு சாலைப் போக்குவரத்து விதித்தொகுப்பு இருக்கிறது. சைக்கிள் முன்விளக்கின் மையம் 10 மீட்டரில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது, மினுக்கக் கூடாது என்றெல்லாம் அது கண்டிப்பாகச் சொல்கிறது. தேறிய விளக்குகளில் அலைக்கோட்டோடு ஒரு 'கே' எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பார்கள். நீங்கள் இருப்பது எந்த நாடாக இருந்தாலும், டப்பாவில் இந்தத் தரத்தின் பெயர் இருந்தால் உள்ளே இருப்பது வெட்டிய கற்றைதான் என்று எடுத்துக்கொள்ளலாம். லூமன் எண்ணைவிட எனக்கு இது பயன்பட்டிருக்கிறது. வெட்டிய கற்றையுள்ள சாதாரண விளக்கு, வட்டக் கற்றையுள்ள பெரிய எண் விளக்கைச் சாலையில் சுலபமாகத் தோற்கடித்துவிடும்.

சரி, எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும்? இதைச் சொந்தமாகவே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். குழியைக் கண்டு, அது குழிதான் என்று மூளைக்குப் பட்டு, விரல் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி வைத்துக்கொள்வோம். அதற்குள் 8 மீட்டர் ஓடிவிட்டது. உலர்ந்த சாலையில் ஓரளவு அழுத்திப் பிடித்தால் நிற்க இன்னும் 4 மீட்டர். மொத்தம் 12. அதே கணக்கில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு 21 மீட்டர் வருகிறது. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தூரமோ இரட்டிப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஈரச் சாலையில் இன்னும் கூடும். தெருவிளக்கு உள்ள சாலையில் நிதானமாகப் போகிறவருக்கும், இருட்டுச் சாலையில் விரட்டிக்கொண்டு போகிறவருக்கும் ஒரே விளக்கைச் சிபாரிசு செய்ய முடியாதது இதனால்தான். தெருவிளக்கு இருந்தால் முன்விளக்கின் முதல் வேலை உங்களை மற்றவருக்குக் காட்டுவது, அதற்குச் சிறியதே போதும். இருட்டில்தான் கற்றையின் வடிவம், எறிதூரம் எல்லாம் முழுசாகக் கணக்கில் வரும்.

எங்கே மாட்டுவது, எப்படிச் சாய்ப்பது

நல்ல விளக்கைத் தப்பாக மாட்டினால் அதுவும் வட்டக் கற்றைக்குச் சமம்தான். உயரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழியை நாம் கண்டுகொள்வது பெரும்பாலும் அதன் நிழலை வைத்து. விளக்கு தாழ இருந்தால் ஒளி தரையை உரசிக்கொண்டு போகும், சின்னக் கல்லுக்கும் நீண்ட நிழல் விழும், குழி ஒரு கறுப்புப் பட்டையாகத் தூக்கிக் காட்டும். விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் வரவர நிழல் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். ஹெல்மெட் விளக்கை மட்டும் நம்பி ஓட்டினால் சாலை முழுக்கத் தட்டையாகத் தெரிவது இதனால்தான். திருப்பத்தில் நீங்கள் பார்க்கும் பக்கம் வெளிச்சம் திரும்புமே என்றால், ஆமாம், அது வசதிதான். ஆனால் எதிரே வருகிறவரை நிமிர்ந்து பார்க்கும் போதெல்லாம் அவர் கண்ணிலும் அடிக்கும். ஹெல்மெட் விளக்கு துணைக்கு இருக்கட்டும். முதன்மை விளக்குக்கு நல்ல இடம் ஹேண்டில்பார், அதைவிட நல்லது முன் ஃபோர்க்கின் தலைப்பகுதி. ஒரே ஒரு விஷயம், கீழே மாட்டும்போது ஹேண்டில்பாரில் தொங்கும் பையோ கூடையோ கற்றையை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாய்ப்பதற்கு ஒரு சுவர் போதும். ஜெர்மனியில் பழைய நாளிலிருந்து ஒரு கைக்கணக்கு இருக்கிறது: கற்றையின் மையம், விளக்கிலிருந்து 5 மீட்டர் தள்ளி, விளக்கின் உயரத்தில் பாதிக்கு வந்துவிட வேண்டும். விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம் என்றால், ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் 45-இல் மையம் விழ வேண்டும். அப்போது கற்றை 10 மீட்டரில் தரையைத் தொடும். சுவரில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, சைக்கிளை நேராக நிறுத்தி, இன்னொருவரைச் சீட்டில் உட்காரச் சொல்லிப் பார்த்தால் இன்னும் துல்லியம். ஆள் ஏறினால் டயரும், சஸ்பென்ஷன் இருந்தால் அதுவும் அமுங்கி, கோணம் மாறும். வெட்டிய கற்றையை இவ்வளவு கீழே இறக்க வேண்டியதில்லை, மேல்விளிம்புக் கோடு சுவரில் விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். அப்புறம் சாலைக்கு வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு, 20 மீட்டர் எதிரே நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். உங்களுக்கே கண் கூசினால் மற்றவருக்கும் கூசும்.

'5 மணி நேரம்' என்றால் எத்தனை மணி நேரம்?

டப்பாவில் இரண்டாவது பெரிய எண் இதுதான். டார்ச் விளக்குகளை அளக்க எஃப்எல்1 என்று ஓர் அமெரிக்கத் தரம் 2009-இல் வந்தது. சைக்கிள் விளக்கு செய்கிறவர்களிலும் பலர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அதன்படி, எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காக இறங்கும் வரையிலான நேரம். புரிகிறதா? 800 லூமனில் தொடங்கி, அரை மணியில் சூடேறி 400-க்கு இறங்கி, மூன்றாவது மணியில் 100 லூமனில் முனகிக்கொண்டிருந்தாலும் கணக்குப்படி அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. டப்பாவில் எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் நீங்கள் நினைத்ததும் அதில்லை.

பேட்டரியை வைத்துக் குத்துமதிப்பாகச் சரிபார்க்கலாம். பல விளக்குகளுக்குள் இருப்பது 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். 3000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு செல்லில் சுமார் 11 வாட்-மணி ஆற்றல் இருக்கும். எல்இடி ஒரு வாட்டுக்கு நூறு லூமன் தருகிறது என்று வைத்தால், 400 லூமனுக்கு 4 வாட், ஆக இரண்டே முக்கால் மணி. அதே ஒற்றைச் செல்லில் '1000 லூமன், 5 மணி நேரம்' என்று போட்டிருந்தால், அந்த இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை.

துருவித் துருவி இதைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. விளக்கு நின்றுபோவது எப்போதும் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், போகும்போது அல்ல. அதனால் உங்களுக்குத் தேவையான வெளிச்சத்தை நடு நிலையிலேயே தரக்கூடிய விளக்கை வாங்குவது நல்லது. சூடு குறைவு, பேட்டரியின் ஆயுளும் கூடும். மீதமுள்ள சார்ஜை நான்கைந்து புள்ளிகளில் காட்டும் விளக்காக இருந்தால் இன்னும் நல்லது. 'சிவப்பு எரிந்தால் முடியப்போகிறது' என்று மட்டும் சொல்லும் விளக்கு, முடிந்த பிறகுதான் சொல்லும்.

சார்ஜே வேண்டாம் என்கிறவருக்கு டைனமோ இருக்கிறது. டயரில் உரசி ஓடுமே அந்தப் பழைய பாட்டில் டைனமோவை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். அதன் உறுமலும், மழையில் வழுக்கி நின்றுவிடும் குணமும் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே பொருந்தும் ஹப் டைனமோவில் இல்லை, ஓட்டுகிறவரின் காலை இழுக்கும் பாரமும் குறைவு. இரண்டுக்கும் அளவு ஒன்றுதான்: 6 வோல்ட், 3 வாட். அந்தக் காலத்தில் 2.4 வாட் முன்பல்புக்கும் 0.6 வாட் பின்பல்புக்கும் என்று பிரித்துக் கொடுத்தார்கள். முன்பல்பு ஃபியூஸ் ஆனால் மொத்த மின்சாரமும் பின்பல்பில் பாய்ந்து அதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். எல்இடி வந்த பிறகு அதே மூன்று வாட்டில் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது. நீல எல்இடியைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். அந்த நீலம் இல்லாமல் இன்றைய வெள்ளை எல்இடி இல்லை. சிக்னலில் நின்றால் அணைந்துவிடுமே என்ற பழைய குறையும் தீர்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஒரு மின்தேக்கி சில நிமிடங்களுக்குச் சிறு வெளிச்சத்தைத் தாங்கிப்பிடிக்கும். தினமும் இருட்டில் போகிறவருக்கு, சக்கரத்தையே மாற்றும் செலவும் மெனக்கெடலும் தகும். எப்போதாவது போகிறவருக்கு அவசியமில்லை.

பின்னால் வருகிறவரின் கண்

பின்விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் கண்ணை மறந்துவிடுங்கள். அது பின்னால் வண்டி ஓட்டி வருகிறவரின் கண்ணுக்காக. அவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: முன்னால் ஏதோ இருக்கிறது, அது ஒரு சைக்கிள், அது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகத்தில் போகிறது. மூன்றுக்கும் ஒரே பதில் இல்லை.

முதலாவதற்கு மினுக்கும் விளக்கு கைகொடுக்கும். பல விளக்குகளுக்கு நடுவே மினுக்குவது சட்டென்று கண்ணை இழுக்கும். மூன்றாவதற்கு அதே மினுக்கல் இடைஞ்சல். அணைந்து எரியும் புள்ளியின் தூரத்தைக் கணிக்கக் கண்ணுக்குப் பிடி கிடைப்பதில்லை, நிலையாக எரிந்தால்தான் நெருங்குகிறோமா விலகுகிறோமா என்று புரியும். சட்டமும் இதில் ஊருக்கு ஊர் வேறுபடும். ஜெர்மனியில் மினுக்கக் கூடாது. பிரிட்டனில் 2005 முதல் அனுமதி, நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை வரை, ஒரே சீராக மினுக்க வேண்டும். என் வழக்கம் இரண்டு பின்விளக்கு, நிலையாக எரிவது ஒன்று, சட்டம் இடம் கொடுத்தால் மெதுவாகத் துடிப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மாட்டுவேன். ஒன்று செத்துப்போனாலும் இன்னொன்று இருக்கும். பின்விளக்கு அணைந்தது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது என்பதால், இரண்டு என்பது ஆடம்பரமில்லை.

இரண்டாவதுதான், அதாவது அது ஒரு சைக்கிள் என்று தெரிவதுதான், சுவாரசியமானது. குன்னர் யோஹான்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இருட்டில் ஆட்களின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்துப் படம் பிடித்தார். ஆள் அசையாமல் இருக்கும்போது பார்ப்பவருக்கு வெறும் புள்ளிகள். நடக்கத் தொடங்கியதும் ஒரு நொடிகூட ஆகாது, மனிதன் நடக்கிறான் என்று தெரிந்துவிடும். சைக்கிளில் அப்படி ஏறி இறங்குவது கால்தான். பெடலில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டரைக் கழற்றிப் போடாதீர்கள். பெடலில் அது இல்லையென்றால் கணுக்காலில் ஒளியை எதிரொளிக்கும் பட்டை கட்டிக்கொள்ளலாம். சும்மா மின்னும் ஒரு சிவப்புப் புள்ளியை அதுதான் ஓர் ஆளாக மாற்றுகிறது. ஆனால் ரிஃப்ளெக்டரை மட்டும் நம்பவும் கூடாது. தன் மேல் விழும் ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. பக்கவாட்டுச் சந்திலிருந்து திரும்பும் வண்டியின் ஹெட்லைட் உங்கள் மேல் படுவதற்கு முன்பே நேரம் கடந்திருக்கும். பக்கவாட்டிலும் கொஞ்சம் ஒளி கசியும்படி செய்த விளக்குகளை வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

பின்விளக்கில் பலரும் கவனிக்காதது சாய்வு. சீட்டைத் தாங்கும் தண்டு நேர்குத்தாக நிற்பதில்லை, பின்பக்கமாகச் சுமார் 17 டிகிரி சாய்ந்திருக்கும். விளக்கை அதில் அப்படியே ரப்பர் பட்டையால் கட்டினால் அது பின்னால் பார்க்காது, தரையைப் பார்க்கும். 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கின் மையக் கற்றை இரண்டே முக்கால் மீட்டருக்குள்ளேயே தரையில் முட்டிக்கொள்ளும். அந்தச் சாய்வுக்கு ஈடுகொடுக்கும் ஆப்பு வடிவத் துண்டு சில விளக்குகளோடு வரும். தேவையில்லாத துண்டு என்று நினைத்து அதைத்தான் முதலில் தூக்கிப் போடுகிறோம். கேரியரின் பின்முனையிலோ மட்கார்டிலோ திருகி மாட்டும் விளக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாட்டியதும், வழக்கமாக எடுத்துப்போகும் பையோடும் மழைக்கோட்டோடும் யாரையாவது ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, முப்பது அடி பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். கோட்டின் வால் தொங்கி விளக்கை முழுசாக மூடியிருந்ததை ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டி முடித்த பிறகுதான் நான் கண்டுபிடித்தேன்.

பகலிலும் எரியவிடலாமா என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கின் ஓடென்ஸே நகரத்து ஆய்வு ஒன்று இருக்கிறது. 3,845 பேர் ஓராண்டு கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினரின் சைக்கிளில், சக்கரக் காந்தத்தால் எந்நேரமும் எரியும் விளக்கு. அவர்களுக்குக் காயம் ஏற்பட்ட விபத்துகள் மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைவு. விபத்துகளை அவர்களே தெரிவித்தார்கள் என்பதால் எண்ணைக் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனாலும் எரியவிடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பகல் வெயிலில் தெரிய நிறைய வெளிச்சம் வேண்டும், அதே நிலையை இரவில் வைத்தால் பின்னால் வருகிறவருக்குச் சித்திரவதை. இரண்டுக்கும் தனித்தனி நிலை உள்ள விளக்காகப் பாருங்கள். பின்னால் வரும் வண்டியை ரேடாரால் 140 மீட்டர் தூரத்திலேயே கண்டு சொல்லும் கார்மின் வாரியா போன்ற விளக்குகளும் வந்துவிட்டன. நெடுஞ்சாலையில் தனியாகப் போகிறவருக்கு அது வசதி. நெரிசலில் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும்.

மழை விஷயம் சுருக்கமானது. விளக்கு எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதை ஐபிஎக்ஸ் என்ற குறியீடு சொல்லும்: ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி கிடந்தாலும் தாங்கும். மழையில் ஓட்ட முதலாவதே போதும், சார்ஜ் துளையின் ரப்பர் மூடி ஒழுங்காக உட்காரும் வரை. அந்த மூடி தொளதொளவென்று இருந்தால் டப்பாவில் எந்த எண் போட்டிருந்தும் பயனில்லை. கடையிலேயே ஒரு முறை நகத்தால் திறந்து மூடிப் பாருங்கள். மாட்டும் பட்டையையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

என்னுடைய அந்த 1000 லூமன் லைட் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. கரண்ட் போனால் மேஜை மேல் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைப்போம். வட்டமாகச் சிதறுகிற கற்றை அல்லவா, வெள்ளைக் கூரையில் பட்டு அறை முழுக்க விழும். அந்த வேலைக்கு அதைவிட நல்ல விளக்கு எங்கள் வீட்டில் இல்லை.